ஒன்பதாம் லயத்துக்குப் பக்கம் இல்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் ஆறு லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கின்றன. அவற்றின் எண்கள் இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது, பதினொன்று, பதினான்கு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஒரு காலத்தில் பதினான்கும் இருந்தன. ஒரு லயம் தீப்பிடித்துப் போனது. சிலவற்றை இடித்துவிட்டுத் தேயிலை நட்டார்கள். சிலவற்றில் இருந்தவர்கள் தனி வீடு கட்டிக்கொண்டு போனபிறகு கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். மீதி ஆறுக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை புதிதாக எண் போடலாமே என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. அண்ணன் இறந்துபோனால் தம்பிக்கு அண்ணன் பெயரையா வைக்கிறோம்? லயத்தின் எண்ணும் அப்படித்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எண்கள் இப்படித் தாண்டிப் போகிற ஊரில்தான் நான் சொல்லப்போகும் தவறு நடக்க முடியும். அது தெரியாத ஒரு இயந்திரத்தால்தான் நடந்தது.

நான் தோட்டத்து ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். கடைசியில் பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றேன். எண்ணுவது வேலையாக இருந்து பிறகு நோயாகிவிட்டது. ஹட்டனுக்குப் போகிற பஸ் எத்தனை வளைவு திரும்புகிறது, கோயில் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது, என் வீட்டுக்காரி ஒரு பேச்சில் எத்தனை முறை தன் தம்பியைப் பற்றிச் சொல்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். "சோத்துல பருக்கையத்தான் இன்னும் எண்ணல" என்பாள் அவள். எண்ணியிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

அந்தத் தம்பியால்தான், அதாவது என் மச்சினனால்தான், இந்தக் கதை தொடங்கியது. அவன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒரு கால் சரியில்லை. ஒன்பதாம் லயத்தின் கடைசி வீட்டில் ஏழு கோழிகளோடும் ஒரு சேவலோடும் தனியாக இருக்கிறான். ஒன்பதாம் லயத்துக்குப் பின்னால் உயரமான மண்மேடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் வெடிப்பு விழுந்தது. பெரிய மழை வந்தால் அந்த லயத்துக்காரர்கள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கே இறங்குவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த வருட மழையில் என் மச்சினனும் இறங்கினான். கோயில் மண்டபத்துக்குப் போ என்றார் ஒருவர். கம்பை ஊன்றிக்கொண்டு ஏறினான். மண்டபம் நிறைந்துவிட்டது, பாடசாலைக்குப் போ என்றார் இன்னொருவர். பாடசாலைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. திரும்பி வரும்போது வடிகால் கானுக்குள் விழுந்தான். ஈரத்தோடும் சேற்றோடும் வீட்டுக்கு வந்து, இனி எந்த மழைக்கும் இறங்கமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். போன வருடம் லயமே காலியானபோது அவன் மட்டும் உள்ளே இருந்தான். அவனுடைய அக்கா விடியும்வரை கண்மூடவில்லை. அவள் மூடாததால் நானும்.

இந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்பாகவே நான் போய் அவனிடம் பேசினேன்.

"மாப்ள, இந்தத் தடவ வீம்பு பண்ணாத."

"வீம்பு இல்ல மச்சான். வாயால சொல்றவனுக்கெல்லாம் என் காலு நடக்காது. எங்க போகணும், எந்த வழி, சாவி யாருகிட்ட, எல்லாம் எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டு, எங் கதவுல ஒட்டுங்க. மழ தொடங்கினதும் மொத ஆளா எறங்குறேன்."

"எழுதிட்டா போவியா?"

"எழுதினத நான் மீறினதா சரித்திரம் இருக்கா? எங்க காலப் பெரட்டுப் பதிவுல பேரு விழுந்தாத்தான் வேலைக்கே போவோம்."

எங்கள் டிவிஷனின் மழை, மண்சரிவுக்கான அனர்த்தக் குழுவில் நான்தான் செயலாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் கிடைத்த பதவி. லயத்துக்கு ஒரு பக்கம் வீதம் ஆறு பக்கங்கள் செய்து ஒட்டுவது என்று குழுவில் முடிவெடுத்தோம். மற்ற ஐந்தும் ஊருக்காக. ஒன்று அவனுக்காக.

என் மருமகள் ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறாள். போட்டோகொப்பி, தட்டச்சு, கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் படம். மகன் கொழும்பில். அவள்தான் கடையையும் என்னையும் சமாளிக்கிறாள். அங்கே மூலையிலிருந்த கணினியில் உட்கார்ந்து பக்கம் செய்யத் தொடங்கினேன். முதலில் இரண்டாம் லயத்துக்கு ஒரு பக்கம். தலைப்பைப் பெரிதாக்கினேன், கோடு போட்டேன், எழுத்துகளை நேர்ப்படுத்த இடைவெளிகளை எண்ணிப் போட்டேன். பிறகு அதைப் பிரதியெடுத்து மூன்றாம் லயத்துக்கு மாற்றினேன். ஒரு சொல் நீண்டால் கோடு அடுத்த பக்கத்துக்குக் குதித்தது. அதைப் பிடித்து இழுத்தால் தலைப்பு குதித்தது. ஆறும் முடிந்த அன்று அவசரத் தொலைபேசி எண்களில் ஒன்று மாறிவிட்டது. திரும்ப ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மாற்றினேன். ஐந்தில் மாற்றினேன். ஆறாவதை மறந்தேன் என்பதை மருமகள் கண்டுபிடித்தாள்.

இரண்டு வாரம் அவள் தேத்தண்ணி மட்டும் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"மாமா, நீங்க ஒரே பக்கத்த ஆறு வாட்டி செய்றீங்க."

"ஆறு லயம்மா. அப்ப ஆறு பக்கம்தானே."

"ஆறுலயும் மாறுறது என்ன என்ன?"

எண்ணினேன். "நாலு. லயத்து நம்பரு, போற எடம், வழி, சாவிக்காரரு."

"அப்ப அந்த நாலத்தான் லயத்துக்கு லயம் எழுதணும். மிச்சத்த ஒரு வாட்டி எழுதினாப் போதும். பக்கத்த நான் செய்ய வைக்கிறேன்."

"யார?"

"கம்ப்யூட்டரத்தான் மாமா. சும்மாத்தானே நிக்குது."

அவள் காட்டியது இதுதான். வெறும் எழுத்து மட்டும் உள்ள ஒரு கோப்பு. நிறமில்லை, கோடில்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லை. தலைப்பாக வரவேண்டிய வரிக்கு முன்னால் # என்ற கட்டக்குறி போட வேண்டும். அழுத்தமாக வரவேண்டிய சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி. வரிசையாக வரவேண்டியவற்றுக்கு முன்னால் எண்ணும் ஒரு புள்ளியும். அவ்வளவுதான். பார்த்தால் அவசரத்தில் எழுதிய மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது.

"பக்கம் எங்கம்மா?"

"அது இன்னும் பொறக்கல மாமா."

மாதிரிக்கு ஏதோ விபரத்தைப் போட்டு ஒரு கட்டளையைத் தட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பக்கங்கள் பிறந்துவிட்டன. தலைப்பு, கட்டம், பக்க எண், அவசரத் தொலைபேசி எண்கள், பின்பக்கம் அவளே எழுதிச் சேர்த்த சிங்களத்தில் அதே விபரம். ஒரு கோடும் குதிக்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. நான் செய்த பக்கத்தில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இது யாரும் செய்யாத பக்கம். பிழை வந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

"என்னையக் கேளுங்க" என்றாள்.

லயங்களின் விபரத்தை நானே அடித்தேன். ஆபீஸில் எழுதிய பழக்கம்: இரண்டு, ஒரு புள்ளி, பாடசாலை, அதற்கு வழி, சாவிக்காரர். மூன்று, ஒரு புள்ளி, பாடசாலையின் பின் கட்டடம். ஐந்து, ஒரு புள்ளி, கோயில் மண்டபம். ஒன்பது, ஒரு புள்ளி, பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை ஆயாம்மாவிடம் விட்டுப் போகிற கட்டடம் அது. மேடு ஏறாமல் போகலாம் என்பதால் என் மச்சினனை நினைத்தே அதை ஒன்பதாம் லயத்துக்கு வைத்தேன். பதினொன்றுக்கும் பதினான்குக்கும் கொழுந்து நிறுக்கிற இரண்டு மடுவங்கள்.

மருமகள் கட்டளையைத் தட்டினாள். பிரிண்ட் வந்தது. நான் எண்ணினேன். ஆறு லயம், ஆறு பக்கம். இன்னொரு முறை எண்ணினேன். ஆறு. கணக்குச் சரி. ஆறிலும் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடுகிறவன் காகிதத்தின் அடியைத்தான் பார்ப்பான், தலையைப் பார்க்கமாட்டான். முப்பத்தொரு வருடம் எனக்கு அதுதான் பழக்கம். மருமகளோ தலையைப் பார்த்தாள். "நம்பரெல்லாம் வரிசையா அழகா இருக்கு மாமா" என்றாள். அவள் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அவள் தெருவில் ஐந்துக்கு அடுத்த வீடு ஆறுதான்.

பக்கங்களை உறையில் போட்டு, கோயில் கமிட்டி இளைஞர்களிடம் ஒட்டக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. கோயில் மணி அடித்ததும் ஒவ்வொரு லயமும் தன் பக்கத்தில் உள்ளபடி போக வேண்டும்.

மணி அடித்தது. நான் பிள்ளைக்காம்பரா வாசலில் குடையோடு நின்றேன். என் மச்சினன் வருவதைக் கண்ணால் பார்த்து அவன் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்பது என் திட்டம். சற்று நேரத்தில் ஒரு பெரிய கூட்டம் வந்தது. குழந்தைகள், கிழவிகள், ஒரு ஆடு. அவனைக் காணோம். வந்தவர்கள் அத்தனை பேரும் ஐந்தாம் லயம்.

"நீங்க ஏன் இங்க வந்தீங்க? ஒங்களுக்குக் கோயில் மண்டபம்தானே."

"பக்கத்துல இப்படித்தான் போட்டிருக்கு கிளாக்கரையா. முன்னால இருக்கிற பீலிக்கரையத் தாண்டி, வலது பக்கமா எறங்கணும்னு இருக்கு. எங்களுக்கு முன்னால தண்ணி விழுற பீலி இல்ல. ஒம்பதாம் லயத்துக்கு முன்னாலதான் இருக்கு. அதான் மொதல்ல அங்க ஏறிப் போயி, அங்கருந்து எறங்கி வந்தோம்."

குடையை மடக்கினேன். மண் வெடித்த மேட்டுக்கு அடியில் ஒரு லயத்தையே நான் கையெழுத்துப் போட்டு ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

ஒன்பதாம் லயத்துக்கு ஓடினேன். என் வயதில் ஓடுவது என்று சொல்லக்கூடாது, வேகமாகக் கவலைப்பட்டுக்கொண்டு நடந்தேன். மச்சினன் வெள்ளைச் சட்டை போட்டு, பையைக் கட்டி, கம்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மச்சான். அஞ்சாம் லயமே என்னையப் பாக்க வந்துட்டுப் போச்சு. ஒரு தேத்தண்ணி குடுக்கக் கூட விடல."

"நீ ஏன் வரல?"

"எங் கதவப் பாருங்க."

கதவு வெறுமையாக இருந்தது.

"பையங்ககிட்டக் கேட்டேன். ஒம்பதுன்னு ஒரு பக்கமே இல்லைங்கிறானுங்க. நாலு இருக்காம். ஆறு இருக்காம். ஏழு இருக்காம்."

"நாலாம் லயம் எரிஞ்சு போச்சேடா."

"அதான் அந்த எடத்துல நிக்கிற சவுக்கு மரத்துல ஒட்டியிருக்கானுங்க. ஆறையும் ஏழையும் தேயிலைக்குள்ள கம்பு நட்டு ஒட்டியிருக்கானுங்க. கிளாக்கரையா கையெழுத்துப் போட்டிருக்காரு, காரணம் இருக்கும்னு சொன்னானுங்க. தேயிலச் செடிக்கெல்லாம் மழை வந்தா எங்க போகணும்னு தெரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் தெரியல."

நான் கெஞ்சினேன். வாயால் சொல்கிறேன், பிள்ளைக்காம்பராதான், வா என்றேன்.

"வாயால சொன்னவங்களத்தான் நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால கேட்டேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டான். "எம் பேரு ஒங்க கணக்குல இல்ல மச்சான். வெட்டிட்டீங்க."

அப்போதே மேற்கில் மலை மேகத்தில் மறைந்துவிட்டிருந்தது. லிந்துலைப் பக்கம் கொட்டுகிறது என்று யாரோ போனில் பார்த்துச் சொன்னார்கள். நான் மருமகளை அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டிலிருந்து கடைக்குப் போய்த் திறந்தாள். போனைக் காதில் வைத்தபடியே கோப்பைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள்.

"மாமா, நீங்க அடிச்சதுல ரெண்டு, மூணு, அஞ்சு, ஒம்பதுன்னு சரியாத்தான் இருக்கு. ஆனா நம்பரும் புள்ளியும் வச்சு வரிசையாப் போட்டா, இது மொத நம்பர மட்டும்தான் பாக்குது. ரெண்டுல தொடங்கணும்னு எடுத்துக்கிட்டு, மிச்சத்த அதுவே ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு போட்டுக்குது."

"யாரு அதக் கேட்டா?"

"பாவம் இந்த மனுசனுக்கு எண்ணத் தெரியல, நம்ம திருத்திக் குடுப்போம்னு நெனச்சிருக்கும்."

என்னை. முப்பத்தொரு வருடம்.

பிறகு மண்மேட்டைப் பற்றியும் சட்டையைக் கழற்றிய ஆளைப் பற்றியும் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. "நானும்தான் பாத்தேன் மாமா. வரிசையா இருக்குன்னு சந்தோசம் வேற பட்டேன்" என்றாள். எண்ணுக்கு முன்னால் 'லயம்' என்று ஒரு சொல்லைப் போட்டால் இயந்திரம் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளும், கை வைக்காது என்றாள். ஆறு இடத்தில் போட்டாள். கட்டளையைத் தட்டிய ஒலி போனில் கேட்டது. பழைய மாதிரி நான் செய்திருந்தால் அடுத்த மழைக்காலத்துக்குத்தான் முடிந்திருக்கும். அவள் ஆறையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, எங்கள் பக்கம் வரும் மதிய பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

சந்தியில் பஸ் வந்தபோது மழை தொடங்கிவிட்டது. கடைக் கூரையின் இறப்பில் நின்று பையைப் பிரித்தேன். எண்ணவில்லை. ஒவ்வொன்றின் தலையையும் வாசித்தேன். லயம் 2. லயம் 3. லயம் 5. லயம் 9. அந்த ஒன்பதைப் பார்த்தபோது ஏற்பட்ட பிரியத்தை என் பேரப்பிள்ளைகளின் மீதுகூட நான் வெளியே காட்டியதில்லை. கையெழுத்துப் போட்டேன். மற்றவற்றைக் கமிட்டி இளைஞர்களிடம் கொடுத்து, பழையவற்றைக் கிழித்துவிட்டு ஒட்டச் சொன்னேன். ஒன்பதை மட்டும் நானே எடுத்துப் போனேன்.

மச்சினன் வாசலில் நின்று, முன்பக்கம் பின்பக்கம், சிங்களம் உட்பட, மெதுவாக வாசித்தான். மண்மேட்டிலிருந்து கலங்கல் தண்ணீர் கானில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரி மச்சான். கோழியப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"கோழியா?"

"கொண்டு வரலாமா கூடாதான்னு போடல. அங்க போனபிறகு ஆயாம்மா கூடாதுன்னு சொன்னா நான் யாருகிட்டப் போயிக் கேக்கிறது?"

வாயைத் திறந்தால் எழுத முடியாத சொல் வந்திருக்கும். திரும்பி நின்று மருமகளுக்குப் போன் போட்டேன்.

"ஒரு வரிதானே மாமா" என்றாள். "பொதுவா இருக்கிற எடத்துல ஒரு வாட்டி போட்டா ஆறு பக்கத்துலயும் விழுந்துரும். ஆட்டையும் சேத்துப் போடவா?"

"போடும்மா. யான இருந்தாலும் போடு."

போனுக்குப் புதிய பக்கம் படமாக வந்தது. 'கோழிகளைக் கூடையிலும் ஆடுகளைக் கயிற்றிலும் கொண்டுவரலாம்.' காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"இதுல கையெழுத்து இல்லையே."

நான் பேனாவை எடுத்து, கையிலிருந்த தாளில் அதே வரியை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அவன் கதவில் அறைந்து ஒட்டினேன். அவன் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினான்.

"கோபப்படாதீங்க மச்சான். ஒங்க மருமக மெஷினு ஒங்களவிட வேகமா திருத்துது, அதத்தான் சொல்ல வந்தேன்" என்றான்.

பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மா கதவைத் திறந்து வைத்திருந்தார். என் மச்சினனைக் குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துவிட்டு, ஒன்பதாம் லயத்துக்காரர்கள் வர வர எண்ணினேன். அந்த லயத்தில் இருபத்துமூன்று பேர். மாலை இருட்டத் தொடங்கியபோது உள்ளே இருபத்துமூன்று தலைகள். கணக்குச் சரி. கதவைச் சாத்தச் சொல்ல வாயெடுத்தேன்.

எடுத்த வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மூலையில் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த பெண்ணைப் பார்த்தபோது பொறி தட்டியது. குழந்தையை நான் தலையாக எடுக்கவில்லை. ஆனால் அவளை எண்ணியிருந்தேன், அவளோ ஐந்தாம் லயம். காலையில் வாசித்த தாளை நினைத்து இங்கேயே வந்தேன், புதியதைப் பார்க்கவில்லை என்றாள். அப்படியானால் ஒன்பதாம் லயத்தில் ஒருவர் குறைகிறார்.

குட்டி நாற்காலி காலியாக இருந்தது.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு பீலிக்கரைப் பாதையில் ஏறினேன். இரண்டாவது வளைவில் எதிரே வந்தான். ஒரு கையில் கம்பு, மறு கக்கத்தில் நனைந்த சேவல்.

"ஏண்டா திரும்பிப் போன?"

"கூடையில ஏழுதான் இருந்துச்சு மச்சான். இவன் கூரையில ஏறிட்டான். நான் எண்ணித்தானே பாக்கணும்? ஒங்க குடும்பத்துக்குப் பொண்ணு குடுத்த வீடு."

குடையை அவன் பக்கம் சாய்த்தேன். சேவல் என் சட்டையில் உதறியது.

அன்றிரவு மேடு சரியவில்லை. கானில் நாலைந்து கூடை மண் விழுந்ததோடு சரி. "இந்த அளவு மண்ணுக்கு நான் ஒரு கையால அணை போட்டிருப்பேன்" என்று அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் அதற்குப் பிறகு வந்த மூன்று மழைக்கும் யாரும் அழைக்காமல் முதல் ஆளாக இறங்கினான், கூடையோடு. மருமகள் எங்கள் பக்கத்து டிவிஷனுக்கும் அதே கோப்பை வைத்துப் பக்கம் செய்து கொடுத்தாள். அவர்களிடம் லயத்து நம்பரை இரண்டு முறை கேட்டு எழுதினாள்.

அன்று மாலை அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகு திரும்ப எண்ணினேன். இருபத்துமூன்றோடு ஐந்தாம் லயத்துப் பெண்ணும் சேர்ந்து இருபத்துநாலு. அந்த மழையில் அவளைக் கோயிலுக்கு ஏற்ற எனக்கு மனமில்லை. ஆயாம்மா நீட்டிய தாளில் இருபத்துநாலு என்று எழுதினேன். லயத்துக் கணக்கோடு ஒத்துவரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.